வைஃபை வந்த விவரம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். நீ விட்டுச் சென்ற பழைய லேப்டாப்பில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், அதில் வைஃபை வந்துவிட்டது, நேற்று மாலை நான்கு இருபதுக்கு. முப்பத்தொரு வருஷம் செய்தி எழுதியவன் முக்கியமானதை முதலில் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட்டேன், இனி விவரம்.

அந்தக் காய்ச்சலில் காது போன பிறகு அம்மா உதடு பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கிறாள். போனின் சின்னத் திரையில் உன் உதடு அவளுக்குப் பிடிபடவில்லை, லேப்டாப்பிலோ பழைய விண்டோஸ் மூச்சு வாங்கிப் படுத்துவிட்டது. அதனால் இரண்டு மாதமாக நீ என்னிடம் பேசுவதை நான் தாளில் எழுதிக் காட்டுகிறேன். நாற்பது நிமிஷப் பேச்சு ஐந்து வரியாகிவிடுகிறது, தொழில் புத்தி. போன வாரம் தாளைத் திருப்பிக் கொடுத்து, அவ சிரிச்சாளா இல்லையான்னு எழுதவே இல்லையே, இது என் பொண்ணு பேசினதா, மந்திரி பேட்டியா என்றாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பத்திரிகையில் என்னோடு இருந்த, பக்கம் வடிவமைக்கிற தாடிக்காரர் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற ஒன்றை ஒரு பென்டிரைவில் போட்டுத் தந்தார். இலவசம் சார், உள்ளே என்ன எழுதியிருக்குன்னு யார் வேணா பார்க்கலாம் என்றார், அந்த இரண்டாவது விஷயம் எனக்குப் பிடித்துப்போயிற்று. அரை மணியில் லேப்டாப்பில் ஏறிவிட்டது. திரை, கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாம் சரி, வைஃபை மட்டும் காணோம். அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும், இன்டர்நெட்டுக்கோ வைஃபை வேண்டும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. போனை ஒயரில் மாட்டி அந்த நெட்டைக் கொடுங்க என்றார் தாடிக்காரர். வீடியோவுக்கு அது திணறும், டிரைவர் இறக்கப் போதும். லேப்டாப் வந்த அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த வைஃபை சிப்பின் பெயரைப் பார்த்துத் தேடி இறக்கினேன், நான்கு நாள் நான்கு விதமாகப் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. தட்டிய ஒவ்வொரு கட்டளையையும் அதற்கு வந்த பதிலையும் நேரத்தோடு நோட்டில் குறித்து, ஐந்தாம் நாள் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்கா இருக்கு சார், இந்த சிப் பேரை யார் சொன்னது என்றார். பெட்டி என்றேன். சம்பந்தப்பட்டவங்களையே கேட்கலையா, நிருபர் சார் என்றார். ஒரே ஒரு கட்டளை தட்டினால் லேப்டாப்பே தன் உள்ளே இருப்பதையெல்லாம் சொல்லிவிடுகிறது. சிப் வேறு நிறுவனத்தினுடையது, மூன்று வருஷத்துக்கு முன் பழுது பார்த்தவர் மாற்றிப் போட்டிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் அம்மா, ஊர்ப்பட்ட பசங்களுக்கு நேர்ல போய்ப் பாருன்னு பாடம் எடுத்தவர் அட்டைப்பெட்டிகிட்ட பேட்டி எடுத்திருக்காரு என்று நாள் முழுக்கச் சொல்லிக்காட்டினாள்.

சரியான டிரைவரைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டேன். திரை மூலையில் விசிறி மாதிரி அந்தக் குறி வந்தது, அடியில் அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை பெயர்களெல்லாம் வரிசையாக. அம்மாவுக்குக் கேட்காது என்பதையும் மறந்து கத்தியே விட்டேன், பிறகு ஓடிப்போய்த் தோளைத் தொட்டுக் கூட்டி வந்தேன். உடனே உன் சித்தியை வீடியோவில் கூப்பிட்டாள். சித்தி பேசப் பேச அம்மா பதில் சொல்கிறாள், நடுவில் நானும் இல்லை தாளும் இல்லை, பதினெட்டு நிமிஷம். ஒரே ஒரு குறை, இந்தக் கேமரா லினக்ஸில் படத்தைத் தலைகீழாக அனுப்புகிறது. என்னக்கா, வௌவால் மாதிரி தொங்குறே என்று சித்தி சொன்னதையும் உதட்டில் படித்துச் சிரித்தாள். அதற்கும் வழி இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உன் ஞாயிற்றுக்கிழமை அழைப்பைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். நான் எப்படித் தெரிஞ்சா என்ன, அவ எனக்கு நேராத் தெரிவாளே என்கிறாள்.

ஆகவே ஞாயிறு காலை, எங்கள் நேரப்படி பத்து மணிக்கு, ஜன்னலைப் பார்த்து உட்கார், வெளிச்சம் முகத்தில் விழட்டும். கையை வாய்க்குக் குறுக்கே கொண்டுவராதே, அம்மாவுக்காக என்று வாயை இழுத்து இழுத்துப் பேசாதே, எப்போதும் போலப் பேசு. நான் கடைக்குப் போய்விடுவேன். நீ என்ன சொன்னாய் என்பதை, வந்த பிறகு அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

எல்லா நலமும் பெற்று நீ நிறைவாக வாழ வேண்டும் என்ற ஆசியோடு,
உன் அப்பா