கோட்டை வாசலில் நிற்கும் மச்சானுக்கு

கட்டுமாவடி
ஞாயிறு மதியம்

அன்புள்ள மச்சானுக்கு வனிதா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அம்மாவும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று இந்தத் தடவை பேச்சுக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றே கேட்கிறேன். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அத்தையும் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் சிங்கப்பூருக்குத் திரும்பும் கண்ணுசாமியிடம் கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் நம் கோட்டை கேம். போன லீவில் வந்தபோது கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்து, ஒரே ஆட்டத்தை நீங்கள் அங்கே கொஞ்சம், நான் இங்கே கொஞ்சம் என்று ஆடலாம் என்றீர்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நண்டு யாவாரம் செய்கிறவளுக்கு இது எதற்கு என்றுதான் நினைத்தேன். இப்போது லோடு ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் கை தானாக அங்கே போகிறது.

நல்லது என்றால், ஒருவரையும் வெட்டாமல் கோட்டை முழுவதையும் கடக்கலாம். காவல்காரன் எப்போது திரும்புவான், எந்த விளக்கை அணைக்கலாம் என்று பொறுமையாகப் பார்த்துப் போக வேண்டும். ஏலத்தில் எதிராளி முகத்தைப் பார்த்தே அவன் எதுவரை ஏறுவான் என்று கணிக்கிறவளுக்கு இது பிடிக்காமல் போகுமா? மழை பெய்யும்போது ஓட்டின் மேல் நடந்தால் காலடிச் சத்தம் யாருக்கும் கேட்காது என்று கண்டுபிடித்த அன்று தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். அத்தை எட்டிப் பார்த்து, “என்னத்தா, நண்டு வெலை ஏறிப்போச்சா?” என்றார்கள்.

குறையும் இருக்கிறது. கேமில் வருகிற கடைக்காரனைப் போல ஒரு மடையனை நான் பார்த்ததில்லை. கோட்டையில் எடுத்த வெள்ளிக் கிண்ணம் ஒன்று கொடுத்தாலும் ஒரு மூட்டை கொண்டுபோய்க் கொட்டினாலும் அதே விலை போடுகிறான். இங்கே நாலு படகு சேர்ந்து கரைக்கு வந்தாலே நண்டு விலை படுத்துவிடுகிறது. காவல்காரர்களும் அப்படித்தான். ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் தேடிவிட்டு, எலியாக இருக்கும் என்று போய்விடுகிறார்கள். பார்த்ததை யாராவது அவ்வளவு சீக்கிரம் மறப்பார்களா?

நானும் பார்த்துவிட்டேன், மச்சான். ஆட்டத்தை நிறுத்திய இடத்தில் கிழமையும் நேரமும் விழுகிறது. முன்பெல்லாம் உங்கள் முறை ஞாயிற்றுக்கிழமை மட்டும். தீபாவளி கழிந்ததிலிருந்து திங்கள் காலை, செவ்வாய் காலை, வியாழன் மத்தியானம். அதே வாரம் போனில், “ஓவர்டைம் வனிதா, இடுப்பு ஒடியுது” என்கிறீர்கள். கப்பல் பட்டறை வேலை போய்விட்டது என்று அப்போதே புரிந்துவிட்டது. அத்தனை காவலுக்கும் தப்புகிற ஆள், ஆட்டம் இரண்டு பக்கமும் தெரியும் என்பதை மறந்துவிட்டீர்கள். முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு சோறு இறங்கவில்லை. அத்தையிடம் சொல்லவில்லை.

கடைசி வாசலில் நீங்கள் மாட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்தேன். கேமில் எனக்குப் பிடிக்காத இடமே அதுதான். சேர்த்த திறமையை எல்லாம் ஒளிந்துகொள்வதிலேயே போடவைத்துவிட்டு, முடிவில் பட்டப்பகலில் வெட்டவெளியில் தளபதியோடு மோதச் சொல்கிறார்கள். நீங்கள் தோற்றுத் தோற்றுத் திரும்ப அங்கேயே ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் சண்டைக்குப் போகவில்லை. யாவாரத்தில் முதலில் பேசித்தானே பார்ப்போம்? முகமூடியைக் கழற்றிவிட்டு நேராக நடந்தேன். தளபதி வாளை இறக்கிவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டான். சொல்வதற்கு நாலு பதில் வந்தது. அதில் உண்மையைச் சொல்கிற பதிலை அமுக்கினேன். கதவைத் திறந்துவிட்டான். இப்படி ஒரு வழி இருப்பதை ஆட்டத்தில் எங்கேயும் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமா, குறையா என்று இன்னும் எனக்குத் தீரவில்லை.

இனி நம் காரியம். தூத்துக்குடியில் நம்மிடம் நண்டு வாங்குகிற கம்பெனிக்காரர்கள் இன்னும் அதிக லோடு கேட்கிறார்கள். இரண்டாவது ஐஸ் வண்டியும் எடுத்துவிட்டேன். கரையில் ஏலத்தை நான் பார்த்தால், அங்கே தரம் பிரிக்கிற இடத்தில் நிற்க ஆள் இல்லை. நான் கூலிக்கு அனுப்பியவன், அவர்கள் நல்ல நண்டைக் கழிவில் தள்ளினாலும் வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறான். எதிர்த்துப் பேசத் தெரிந்த ஆள் வேண்டும். பொண்டாட்டியிடம் வேலை பார்ப்பதா என்று தோன்றும். உங்களைப் பாதிப் பங்குக்குக் கூப்பிடுகிறேன். பரிதாபப்பட்டுப் பங்கு கொடுக்கிறவள் நான் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

ஊருக்கு என்ன சொல்வது என்று யோசிக்காதீர்கள். வேலை போய்விட்டது, வந்துவிட்டார் என்று நானே சொல்லிவிடுகிறேன். ரெண்டு நாள் பேசுவார்கள், மூணாம் நாள் வலை நிறைய மீன் வந்தால் அதைப் பேசப் போய்விடுவார்கள். அத்தையிடம் மட்டும் நீங்களே சொல்லுங்கள்.

ஆவுடையார்கோவில் சாமி உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். என்றைக்கு என்று மட்டும் சொல்லுங்கள், திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஐஸ் வண்டியை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். நண்டு வாடை அடிக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டாவது என் பக்கத்தில் ஏறி உட்காருங்கள்.

உங்கள்
வனிதா