மஞ்சுக்கா, உன் மகளை மேடையேற்றப் போகிறேன்

என் ஆசை மஞ்சுக்கா,

நீ இருக்கிற இடத்துக்குப் பாட்டுச் சத்தம் கேட்குமா? கேட்குமென்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் காது கொடு. அதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. கோபம் வந்தால் இப்போதே வந்துவிடட்டும்.

ஓசூர் தொழிற்பேட்டையில் உன் மகள் நித்யா வேலை பார்க்கிற கம்பெனியில் மகளிர் தின விழா. சினிமாப் பாட்டில் சாதித்த பாடகிகளைக் கொண்டாடுகிறார்கள். பெரிய திரையில் ஒவ்வொருவர் படமும் வரும், நம் மெல்லிசைக் குழு அவர்கள் பாட்டைப் பாட வேண்டும். முழுக்கப் பெண் குரல் கச்சேரி. நீ இருந்திருந்தால் புடவைக்கு ஏற்ற வளையல் தேடிக் கடைத்தெருவை ஒரு வழி பண்ணியிருப்பாய்.

அந்தப் பாடகிகள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்கள் குரல்தான் நமக்குச் சோறு போட்டது. அத்திப்பள்ளியில் கன்னடம், பாகலூர்ப் பக்கம் தெலுங்கு, கிருஷ்ணகிரியில் தமிழ் என்று ஒரே தொண்டையில் அவர்களை நீ ஊர் ஊராகக் கொண்டுபோனாய். அதையும் சாதனை என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லையே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

குழுவின் வழக்கம் உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண் பாடகர்கள் தங்கள் பாட்டைப் பாடிவிட்டு டீ குடிக்க இறங்கிவிடுவார்கள். பாடுகிற பெண் மட்டும் கச்சேரி முடிகிறவரை மேடையிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிரித்த முகமாக. அவள் எழுந்தால் கூட்டமும் எழுந்துவிடுமாம். இடையில் எழ முடியாது என்பதால் கச்சேரி நாளில் மத்தியானத்துக்குமேல் நீ தண்ணீரே குடிக்க மாட்டாய். உன்னைப் பார்த்து நானும் அப்படியே பழகினேன்.

உன் சிறுநீரகம் கெட்டதற்கு அதுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "சாந்தி, எம் பொண்ண மட்டும் மேடப் பக்கம் விட்றாதடி. அவ கம்பெனிக்குப் போய்க்கினு நிம்மதியா இருக்கட்டும்." சரி என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

இப்போது கம்பெனிப் பெண்களே விழாவுக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் பாடுவாளாம். உன்னைவிட ஒரு கட்டை மேலே போயும் குரல் அசங்காமல் நிற்கிறது அக்கா. இதைக் கேட்டால் உனக்குப் பெருமையா, பயமா? வேண்டாமென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நீ என்னிடம் கேட்டதையும் சொன்னேன்.

"அம்மா பாட்டுப் பாடினதால சாவல சித்தி. உக்கார வெச்சதால செத்துச்சு" என்றாள். "நான் பாடுவேன், உக்கார மாட்டேன். கம்பெனியிலயும் கேட்டுக்கினுதான் எந்திரிக்கணும், இங்கயுமா?"

உன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

ஒத்திகையில் குழு நடத்துகிற குமார் அண்ணனிடமும் அதையே சொன்னாள். அவருக்குத்தான் நாம் என்றைக்கும் சாந்தியோ மஞ்சுளாவோ இல்லையே, பாடுகிற பெண் யாரானாலும் வெறும் 'பீமேல்'தான். "பீமேல் எந்திரிச்சுப் போயிட்டா மேட மொட்டையாத் தெரியும்மா. சாந்தி எத்தன வருசமா உக்காந்துக்கினு இருக்குது, அதுக்கு இப்ப என்ன கொறஞ்சு போச்சு?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நித்யாவும் பார்த்தாள். மாரியம்மன் திருவிழாக்கள் வருகிற நேரம் இது, இந்தக் குழுவை விட்டால் எனக்குப் போக இடமில்லை. அவளிடம் மேடை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டால் உன் பேச்சும் காப்பாற்றப்படும், என் பிழைப்பும் காப்பாற்றப்படும். அவள் குரலை என்ன செய்வது? அன்று ஒத்திகை முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நேற்று குமார் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். "பாட்டு முடிஞ்சா நித்யா எறங்கிருவாண்ணா. எம் பாட்டு முடிஞ்சா நானும் எறங்கிருவேன்" என்றேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். விழா கம்பெனியுடையது, பெயர் கொடுத்ததும் கம்பெனிப் பெண்கள் என்பதால் இந்த முறை தடுக்க முடியாது. அடுத்த கச்சேரிக்கு என்னைக் கூப்பிடுவாரா என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது அக்கா. நீ இருந்திருந்தால் என் பக்கம் நின்றிருப்பாயா, என்னைத் திட்டியிருப்பாயா?

உனக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். அதற்குப் பதிலாக வேறொன்று தருகிறேன். உன் மகள் ஒருநாளும் தாகத்தோடு மேடையேற மாட்டாள். வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பாடுவாள். அவளுக்கு முன்னால் நான் குடிப்பேன்.

உன் கூடப் பிறக்காத தங்கை,
சாந்தி