காளையோடு பிறந்த கிடாரி

இன்று காலை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து நஞ்சுக்கொடியின் வாடை போகவில்லை. கரிவலம் போகிற வழியில் ஒரு வீட்டில் பசு ரெட்டைக்கன்று போட்டிருந்தது. ஒன்று காளை, ஒன்று கிடாரி. வீட்டுக்காரர் தெருவையே கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். “கிடாரிய நம்பி இருக்காதீங்க அண்ணாச்சி, அது சினை பிடிக்கது ரொம்பக் கஷ்டம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து கையை முகர்ந்தபோது உன் ஞாபகம் வந்தது. அதோடு பழைய எரிச்சலும் வந்தது.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. செத்துப்போனவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கால்நடை மருத்துவம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். நான் வரிவரியாக அடிக்கோடு போட்டுப் படித்து வாங்கும் மார்க்கை நீ பஸ்ஸில் புரட்டிப் பார்த்தே வாங்கிவிடுவாய். வேலை கிடைத்தபோது உனக்கு வெளி மாவட்டம், எனக்கு நம் ஊர்ப் பக்கம். இனி இங்கே டாக்டரம்மா என்றால் நான் மட்டும்தான் என்று எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. நீ கேட்டால் சிரித்திருப்பாய்.

ஒரு ஆடித்தவசுத் திருவிழாவுக்கு லீவில் வந்தவள், “சும்மா இருக்க முடியலட்டி, நானும் உன்கூட வாரேன்” என்று என் ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டாய். கரிவலத்தில் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனோம். அவளுடைய ஜெர்சிக் கலப்புக் கிடாரி இரண்டரை வயதாகியும் பருவத்துக்கு வரவில்லை. கையை விட்டுப் பார்த்து, கர்ப்பப்பை வளர்ச்சி போதாது, சத்துக் குறைவு என்று நான்தான் எட்டு மாதமாகப் பருத்திக்கொட்டையும் தாது உப்பும் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ வாலைத் தூக்கி ஒரு நிமிஷம் பார்த்தாய். கீழே நீளமாகத் தொங்கிய ஒரு கொத்து முடியை விரலால் ஒதுக்கினாய். என் பையிலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்து உள்ளே விட்டாய். கொஞ்ச தூரத்திலேயே முட்டி நின்றது.

“யக்கா, இதுகூட காளங்கன்னு எதுவும் பொறந்துச்சா?”

“ஆமா தாயி. அத அப்பவே வித்துட்டோம்.”

எட்டு மாதத்தில் நான் கேட்காத கேள்வி அது.

“உங்க தீவனத்துல குறையில்லக்கா. வயித்துக்குள்ள இருக்கும்போதே ரெண்டுக்கும் ரத்தக்குழாய் ஒண்ணாச் சேந்துட்டு. ஆண்கன்னோட ஹார்மோன் இதோட ரத்தத்துல கலந்துட்டு. சினைப்பையும் கர்ப்பப்பையும் வளராம அப்படியே நின்னுட்டு. இது பொறக்கதுக்கு முந்தியே முடிஞ்ச விஷயம்.”

பேச்சியம்மாள் மாட்டைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எம் மக கோமதியும் சங்கரும் ரெட்டப் பிள்ளைய. புளியங்குடில ஒரு சம்பந்தம் வந்திருக்கு. ஆணோட பொறந்தவளுக்கு வயிறு தெறக்காதுன்னு மாப்பிள்ளையோட அம்மா பேசுதாளாம். இந்த மாடு மாதிரிதான் எம் மகளும் ஆயிருமா?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மனுசங்கள்ல பொதுவா அப்படி...” என்று ஆரம்பித்தேன். அதற்குள் நீ அவள் கையைப் பிடித்துவிட்டாய். “அது மாட்டுக்குத்தான்க்கா. மனுசருக்கு ரத்தக்குழாய் அப்படிச் சேராது. கோமதி மாசாமாசம் தலைக்குக் குளிக்காள்லா? பெறவு என்ன பயம்?” அவள் உன் கையை விடவேயில்லை. நானும் படித்த பாடம்தான் அது. என் கையை ஒருத்தரும் அப்படிப் பிடித்ததில்லை.

மறுநாள் என்னிடம் சொல்லாமல் நீ புளியங்குடிக்கே போய், மாப்பிள்ளையின் அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தாய் என்று பேச்சியம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. சம்பந்தம் முடிவானது. எனக்கு உள்ளே எரிந்தது. என் ஊர், என் மாடு, இவள் யார் நடுவில் என்றே மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் அந்தக் கிடாரியின் கதையை நானே கண்டுபிடித்ததாகச் சொன்னேன். மேலதிகாரி எல்லார் முன்னாலும் பாராட்டினார். விஷயம் உனக்கு எட்டி, போன் செய்தாய்.

“ஏட்டி, கேஸ நல்லா சொன்னியாமே. அந்தக் கொத்து முடியச் சொன்னியா?”

“சொன்னேன்.”

“அதான் முக்கியம்.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ படுக்கையில் விழுந்த பிறகு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். உன் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள். யார் யாரோ தூர ஊர்களிலிருந்து உனக்காகப் பஸ் ஏறி வந்திருந்தார்கள். அதைப் பார்த்தும் பொறாமைதான் வந்தது. வாங்கிப்போன ஆரஞ்சை வைத்துவிட்டு, கேட்காமலே திரும்பிவிட்டேன்.

போன மாசியில் பேச்சியம்மாளும் கோமதியும் என் கால்நடை மருத்துவமனைக்கு வந்தார்கள். கோமதியின் கையில் இரண்டு மாதப் பெண் குழந்தை.

“அந்த டாக்டரம்மா எங்க இருக்காக? பிள்ளையக் காட்டணும்” என்றாள் பேச்சியம்மாள். சொன்னேன். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். கோமதி குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு அம்மாவைத் தேற்றினாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“பிள்ளைக்கு அவங்க பேரத்தான் வைக்கணும்னு இருந்தோம். டாக்டரம்மான்னே கூப்பிட்டுட்டோம், பேரு கேக்கல. உங்களுக்குத் தெரியும்லா?”

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு நொடி என் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. உனக்கும் தெரிந்திருக்காது.

உன் பெயரைச் சொன்னேன். கோமதி இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மாடுகளுக்குத் தடுப்பூசி போடக் கரிவலம் போகும்போது, கோமதி அம்மா வீட்டுக்கு வந்திருந்தால், அந்தத் தெருவில் யாராவது உன் பெயரைச் சொல்லிக் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். வண்டியை நிறுத்திக் கேட்பேன். ஒவ்வொரு தரமும் வயிறு எரியும். எரிந்தாலும், அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன்.