விளக்கு வரிக்கு நான் சொன்ன பொருள்

20.08.1998, வியாழன்

இன்று உயர்தர வகுப்பில் பழைய கடற்பாட்டொன்றின் இரண்டு வரிகளுக்குப் பொருள் சொன்னேன். கரையில் நிற்கும் தலைவி, கடலில் தெரியும் பல விளக்குகளுக்குள் தன் கணவனின் படகு விளக்கை மட்டும் அடையாளம் காண்கிறாள். கொஞ்சம் உருகியே சொல்லிவிட்டேன்.

பொழுதுபடும் நேரம் செல்வி என் வீட்டுக்கு வந்தாள். கலியாணம் முடித்து மூன்று மாதமாகியும் படிப்பை விடாத பிள்ளை.

"டீச்சர், வலை விட்ட உடனை ஒருக்கா லாம்பைத் தூக்கிக் காட்டச் சொல்லி அவரிட்டச் சொன்னனான். முதல்ல மாட்டன் எண்டவர், பிறகு ஓம் எண்டிட்டார்."

வெளிச்சம் கண்டால் கடற்படையின் ரோந்துப் படகு சுடும். இந்தக் கரையிலிருந்து ஒருவரும் விளக்கோடு தொழிலுக்குப் போவதில்லை.

"அது அந்தக் காலத்துப் பாட்டு, பிள்ளை. ஓடிப்போய் அவரை மறி."

"அவர் கடலுக்கு வெளிக்கிட்டிட்டார் டீச்சர். ஒருக்காத்தானே."

தனியே இருக்கப் பயமென்று இங்கேயே தங்கிவிட்டாள். பத்து மணியாகிறது. கடல் இருட்டாகவே கிடக்கிறது. வெளிச்சம் தெரியக்கூடாது என்று நான் மாதாவை மன்றாடிக்கொண்டிருக்கிறேன். தெரியவேண்டும் என்று அவள் வாசலில் நிற்கிறாள்.