நானாக விட்டுக்கொடுக்கவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டையே அதிகாரம் செய்கிறாள். என்னோடு மட்டும் பேச்சில்லை. உன் மானத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டேனாம்.

கூட்டத்தில் ஏதோ கோபத்தில் பேசிவிட்டேன், படிப்பை நானாகத்தான் விட்டுக்கொடுத்தேன் என்று பத்திரிகைக்கு இரண்டு வரி எழுதித் தரச் சொல்லியிருக்கிறாய். தர மாட்டேன்.

நடந்ததை நானே சொல்கிறேன், கேள். பல்கலைக்கழகக் கட்டணத்தை எல்லோருக்கும் எடுத்துவிடலாமா என்று நகர மண்டபத்தில் கருத்துக் கேட்டார்கள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்து, ஈரச் சீருடையோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். கூடாது என்று பேச வந்தவர் உன் புத்தகத்திலிருந்து ஒரு கட்டுரையை எடுத்து வாசித்தார். சும்மா கிடைக்கும் படிப்பின் அருமை யாருக்கும் தெரியாதாம். உனக்காக உன் அக்கா மனமுவந்து தன் படிப்பையே தியாகம் செய்தாளாம். மண்டபமே உச்சுக்கொட்டியது.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. எழுந்து, அந்த அக்கா நான்தான் என்றேன். எனக்கு வேதியியலில் இடம் கிடைத்த வருஷம் அப்பாவிடம் ஒருத்தர் படிக்கத்தான் வசதி இருந்தது என்றேன். "அக்கா எப்படியும் கல்யாணமாகிப் போயிடுவா, அந்தப் பணம் அடுத்த வருஷம் எனக்கு வேணும்ப்பா" என்று நீ கேட்டதைச் சொன்னேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமலே தலையாட்டியதைச் சொன்னேன். நான் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தபோது என் தட்டையும் நீயே காலி செய்ததைச் சொன்னேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது, பொய் சொல்வானேன்.

கட்டணம் இல்லாதிருந்தால் எங்கள் வீட்டில் இரண்டு பேர் படித்திருப்போம், நானும் கூடப்பிறந்தவனை இத்தனை வருஷம் வெறுக்காமல் இருந்திருப்பேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

கூட வேலை செய்பவர்கள் உன்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறாய். நிறுத்தட்டும். அடுத்த பதிப்பிலாவது அந்தத் தியாகியை எடுத்துவிடு. அவள் நானில்லை.

ஒரு செய்தி. கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். முதல் ஆளாகப் போய் வேதியியலுக்குப் பெயர் கொடுத்தேன். மகளுக்கா என்று கேட்டார் குமாஸ்தா. எனக்குத்தான் என்றேன். காலையில் வகுப்பு, மாலையில் சலவை. முதல் தேர்வில் பாதிக்கு மேல் தப்பு. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்து அழுதேன். அழுது முடித்து மறுபடி படிக்க உட்கார்ந்தேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். உப்பைக் குறை, மாத்திரையை மறக்காதே. கண்ணும் காதும் திடமாக நீ நீண்ட நாள் வாழ வேண்டும். நான் பட்டம் வாங்குவதைப் பார்க்க நீ இல்லாமல் போனால், எனக்கு அதில் பாதி ருசிகூட இருக்காது.

இப்படிக்கு,
உன் அக்கா