மேற்குச் சரிவில் கோடரி ஏறாதிருக்க விடுத்த ஓலை

“மரத்தில் கை வைத்தால் ஆறு நிற்கும், அக்கா” என்று மலைத் தூதர் அழிசியாரும், “நிற்கட்டும், ஆற்றையா தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு படுப்பேன்” என்று தீயில் வீடிழந்த கழிப்பாக்கத்து வெண்ணியும் ஒருவர் சொல்மேல் ஒருவர் ஏறிப் பேசிக்கொண்டிருக்க, அவ்விரு குரலுக்கும் நடுவே அவையில் வீற்றிருந்து, செவ்வரை நாடாளும் பெருந்தேவி, நீர்முறை காக்கும் அல்லங்கோதையார், மேற்குமலைக் காவலர் எயினங்கீரனாருக்கு விடுத்த ஓலை. உம் மலை பசுமை குன்றாதிருக்க. உம் சுனைகள் வற்றாதிருக்க. உம் வாயிலில் வந்து நிற்போர் வேல் ஓங்காதிருக்க.

காவலர் இதை நின்றபடியே படிக்க.

சென்ற திங்கள் கழிப்பாக்கம் எரிந்தது. கீற்றுக் கூரையில் பற்றிய தீ ஒரே பகலில் எண்பது வீட்டைத் தின்றது, பதினொருவர் மீளவில்லை. சாம்பல் சூடு ஆறுமுன்னே தேவியார், இனி அங்கே கூரை என்றால் சுட்ட ஓடுதான் என்று ஆணையிட்டார். ஓடு சுட விறகு வேண்டும், விறகுக்கு மேற்குச் சரிவு என்று அமைச்சர் குறித்தார். அறுபது கோடரிக்காரரும் துணைக்கு வேலேந்திய நாற்பது ஆட்களும் புறப்பட்டனர். நீரோ ஆணையோலையை முறைப்படி வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டு, வாயிலை மட்டும் திறவாதிருந்தீர் எனக் கேள்வி. நாளை உச்சிப்பொழுதுக்கு மேல் பொறுப்பதில்லை என்று வேலாட்களின் தலைவன் சொல்லியனுப்பியிருக்கிறான். அதற்குள் இவ்வோலை உம் கை சேர வேண்டும்.

உமக்காக அழிசியார் வந்து சொன்னது இது. கிழக்குச் சரிவை முன்பு இந்த அரண்மனைக் கூரைக்கு ஓடு சுடவே வெட்டினார்கள்; மூன்றாம் ஆண்டு கிழக்கோடை வற்றியது; அங்கிருந்த நீர்ச்சக்கரத்தில் இன்று கோழி அடைகிறது. மேற்கும் மொட்டையானால், ஊருக்கு நீர் ஏற்றி நெல்லும் குத்தித் தரும் மிச்சமுள்ள ஒரே சக்கரமும் நின்றுபோம். ஆகவே சுடாத மண்கல்லை வெயிலில் உலர்த்தி, கூரையையும் அந்தக் கல்லாலேயே வில்போல் வளைத்துக் கட்டி, சக்கரம் அரைத்துத் தரும் சுண்ணச் சாந்தை மேலே பூசினால், கீற்றும் வேண்டாம், சூளையும் வேண்டாம், சுண்ணத்துக்குக் கிளிஞ்சல் சுட உதிர்ந்த சுள்ளியே போதும் என்றார்.

தேவியார் வாய் திறக்குமுன் வெண்ணி திறந்தாள். “உங்கள் காவலருக்கு மரமெல்லாம் பிள்ளை. எங்கள் பிள்ளைகள் என்ன விறகா?”

“சக்கரம் நின்றால் நெல்லை எதில் குத்துவாய், அக்கா?”

“கையால் குத்துவேன். கை இருக்கிறது, வீடுதான் இல்லை. தீக்குத் தப்பியது இரண்டு பிள்ளை. அதுகளைப் பச்சை மண்ணுக்கு அடியிலா போட்டு வைக்கச் சொல்கிறீர்?”

“மலையில் என் வீடே அப்படித்தான். ஒன்பது மழை கண்டது.”

“உங்கள் மலையில் மழை சரிந்து ஓடிவிடும், ஐயா. எங்கள் கழிக்கரைப் பள்ளத்தில் வந்த தண்ணீர் பத்து நாள் நின்று ஊறும். சுவருக்குக் கால் கரைந்தால் வளைவு எதன்மேல் நிற்கும்?”

மலையில் இருப்பவர் எவரும் நினையாத நினைவு அது. நீரும் நினைத்திருக்க மாட்டீர். தண்ணீர் எதுவரை வரும் என்று தேவியார் வினவ, வெண்ணி தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். பிறகு சற்று யோசித்து இடுப்பைத் தொட்டாள்.

தேவியார் தலையை நிமிர்த்தி மேலே அவையின் கூரையைப் பார்த்தார். கிழக்குச் சரிவு அங்கே வரிசை வரிசையாக, ஓர் ஓடும் பிசகாமல் இருந்தது. தம் முதல் ஆணை துக்கத்தில் பிறந்தது, அளந்து பிறந்ததல்ல என்பதைத் தேவியார் இவ்வோலையில் மறைக்கவில்லை.

ஆதலால் ஆணையாவது: ஒரு கோடரியும் சரிவில் ஏறாதிருக்க. வேலாட்கள் இது கண்ட அளவிலே திரும்புக. வாயிலை அடைத்தது குற்றமே, அதற்குத் தண்டம் இது. அந்த அறுபது கோடரிக்காரரையும் நீரே அழைத்துக்கொண்டு கழிப்பாக்கம் இறங்கி, கார்மழை தொடங்க இருக்கும் நாற்பது நாளுக்குள் எண்பது வீட்டையும் எழுப்புக. அடித்தளம் இடுப்புக்கு மேலும் ஒரு சாண் உயரம், கருங்கல்லால். அந்த இடுப்பு வெண்ணியுடையது, உம்முடையதன்று. கட்டுவித்தவர் முதல் மழைக்குக் குடும்பத்தோடு உள்ளே இருந்து காட்டிய பின்னரே பிறர் குடிபுகுவது நம் நாட்டு வழக்காதலின், நீரும் உம் மனைவியாரும் பேரப்பிள்ளைகளும் முதல் வீட்டில் இருப்பீராக. அம்மழை ஓயுமளவும் ஊரார் கோயில் மண்டபத்தில் இருப்பர். சுவர் நின்றால் மலை நிற்கும். கரைந்தால், மிஞ்சியவர் யாராயினும் மலை வாயிலைத் தம் கையால் திறந்துவிடுக.

இது தேவியார் திருவாய்மொழி. எழுதினேன் ஓலைநாயகம் மருதங்கண்ணன். இதைச் சுமப்பவனை வழியில் தடுப்பவர் ஆற்றைத் தடுத்த பழிக்கு உள்ளாவர். நீர்ச்சக்கர முத்திரை இடப்பட்டது.

முத்திரைக்கு அரக்கு உருகிக்கொண்டிருந்தபோது வெண்ணி கேட்டதையும் விடாமல் எழுதுக என்று தேவியார் பணித்ததால், ஓலையின் விளிம்பில் எழுதியது:

“கட்டச் சொன்னவர் நீங்கள்தானே, தாயே. அந்த மழைக்கு நீங்கள் எந்த வீட்டில் இருப்பீர்கள்?”