சாக்கடையில் வெள்ளை மண்

3 அக்டோபர் 2006, செவ்வாய்

நோட்டீஸுல முதல் வாக்குறுதியா சாக்கடையத்தான் போடச் சொன்னேன். நான் கவுன்சிலரா வந்தா முதல் வேலை இந்தத் தெரு சாக்கடைதான்னு வூடு வூடா சொல்லிக்கிட்டும் வரேன். சாயங்காலம் ஓட்டு கேக்கப் போனப்ப மும்தாஜ் அக்கா நோட்டீஸ வாங்கவே இல்ல. ஒரு குச்சிய எடுத்து சாக்கடைக்குள்ள விட்டுக் கிளறி, நுனிய எனக்கு நேரா நீட்டுனாங்க. கறுப்புச் சேறு இல்ல. மாவு மாதிரி வெள்ளைக் களிமண்ணு.

"நீங்களே சொல்லுங்கம்மா, இது எங்க வூட்டுல அரிசி கழுவுன தண்ணியா?"

அது என் வூட்டுக்காரரு நடத்துற பீங்கான் பட்டறை மண்ணுன்னு கூட வந்தவங்க எல்லாருக்கும் தெரியும். பட்டறை கழுவுற தண்ணிய தொட்டியில தேக்கி, மண்ணு அடியில தங்கினப்புறம்தான் வெளிய விடணும். எங்க தொட்டிய வாரி வருஷக்கணக்காச்சு. அதுவும் எனக்குத் தெரியும்.

வூட்டுக்காரருகிட்ட சொன்னேன். "நீ ஜெயிச்சு வா, முனிசிபாலிட்டி ஆளுங்கள விட்டு சாக்கடைய வாரிடலாம்"னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. இப்ப நல்லா தூங்குறாரு.

மும்தாஜ் அக்கா குச்சிய உதறுனப்ப என் சேலையில தெறிச்ச மண்ணு வெள்ளையா காஞ்சிருந்துச்சு. பக்கெட்டுல போட்டு அலசுனேன். அந்தத் தண்ணிய ஊத்த வாசல் வரைக்கும் தூக்கிட்டுப் போனேன். சாக்கடைய பாத்ததும் கை வரல, உள்ள கொண்டாந்து வெச்சுட்டேன்.

காலையில அதே தெருவுக்குத்தான் போகணும். மீதி நோட்டீஸு மேசை மேல இருக்குது. பக்கெட்டுல மண்ணு அடியில தங்கி, தண்ணி தெளிஞ்சுபோச்சு.